காட்சிமுயலும் காண்போர் கடமையும்

ஒரு பொருளை உள்ளபடி காட்டியும் பொய் கூறுதல் கூடுமோ?

இல்லாததை உண்டென்றும் உள்ளதை இல்லையென்றும் சொல்லுதலே பொய் என்று சிறுவருக்குப் போதிக்கின்றோம். சொல்லப்பட்ட சொல் ஒன்றும் பொய்யாகாமல், காட்டப்பட்டவை யாவும் மெய்யாகவே இருந்தும், கண்டவர் மனத்திலே பொய்யறிவு பிறக்குமாயின் அக்குற்றம் யாரைச் சாரும்? இவ்வினாவைப் பிரித்தானிய தேசத்திலே சிறுவர்க்குரிய தொலைக்காட்சியிலே கண்காட்சி முயல்கள் காட்டப்படும் வகையைக் கொண்டு ஆராயப் புகுகின்றோம். பொருள் சிறிது; அதன்கண் அடங்கிய நியாயம் சிறிதன்று.

முன்னதாக, முயல் என்னுஞ் சொல்லைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். நம்முடைய பற்றைக்காடுகளிலே ஓடுகின்ற முயல் வேறு. ஈண்டுப் பேசப்படும் வீட்டுமுயல் வேறு. நம் காட்டுமுயல் வளை தோண்டாது. அதன் குட்டிகள் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டுமுயலோ ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட சாதியின் வழித்தோன்றல். அச்சாதி நிலத்தின்கீழ் வளைதோண்டிக் கூட்டமாய் வாழும். அதன் குட்டிகள் மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும். தமிழிலே இரண்டுக்கும் ஒரு பெயரே வழங்குதலின், ஒன்றன் இயல்பை மற்றொன்றன்மேல் ஏற்றிவிடாதிருத்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாக வீட்டுமுயலை அழகு கருதி வளர்த்துப் போட்டிக்கு நிறுத்தும் வழக்கமுடையர். 1934ஆம் ஆண்டிலே அமைந்த பிரித்தானிய முயல் மன்றம், ஒவ்வோரினத்துக்கும் இன்ன உடல், இன்ன செவி, இன்ன நிறம், இவ்வளவு நிறை என்று இலக்கணம் வகுத்துள்ளது. கண்காட்சியிலே முயல்கள் தனித்தனிக் கூடுகளில் வைக்கப்பட்டு, ஒவ்வொன்றாக மேசைமேல் எடுக்கப்படும். நடுவர் மயிரைத் தடவியும், பல்லையும் நகத்தையும் நோக்கியும் தீர்ப்புச் செய்வார். நெதர்லாந்துக் குள்ளமுயல் இரண்டரை இறாத்தலுக்கு மேற்படலாகாது. பிளெமிஷ் இராட்சதமுயல் அதனினும் பலமடங்கு பெரிது. ஆங்கிலத் தொங்குசெவி முயலின் இருசெவிகளையும் விரித்து ஒரு நுனியினின்று மறுநுனிவரை அளந்தால், அவ்வளவு 60 சென்ரிமீற்றரை விஞ்சுதலும் உண்டு.

காண்பதற்கு வியப்பான இவ்வுயிர்கள் சிறுவர் தொலைக்காட்சிக்கு உவப்பாதல் இயல்பே. ஒளிமிக்க கூடமொன்றிலே மேசைமேல் ஒரு முயல் இருக்கின்றது. நிகழ்ச்சி நடத்துவோர் அதனைத் தடவுகின்றார்; குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராய்த் தொடுகின்றனர். முயல் அசையவில்லை, ஒலி செய்யவில்லை. "எவ்வளவு சாது! எவ்வளவு சுகமாய் இருக்கின்றது!" என்று கூறக் கேட்கின்றோம். சில நிமிடத்திலே காட்சி முடிகின்றது. வீட்டிலே பார்த்திருந்த குழந்தை தாயை நோக்கி, எனக்கும் ஒன்று வேண்டும் என்கின்றது.

அங்கே அசையாதிருந்தது மெய். அதற்குக் காரணமாகக் கூறப்பட்டதே ஆராயத்தக்கது. முயல் பிறவிலங்குகளுக்கும் பறவைகளுக்கும் இரையாகுஞ் சாதி. பருந்தின் நிழல் மேலே வீழ்ந்தால், ஓடுதற்கு இடமின்றேல், அது அசைவற்று ஒடுங்கும், செவிகளை முதுகோடு ஒட்டும், கண் அகல விரியும், மூச்சு விரையும். நாய் அஞ்சினாற் குரைக்கும். பூனை அஞ்சினாற் சீறும். முயல் அஞ்சினால் வாய்வாளாதிருக்கும். ஆகவே நாய்க்கும் பூனைக்கும் அமைதி எது என்று அறிந்த குழந்தை, அவ்வறிவைக் கொண்டே முயலை நோக்குமாயின், அச்சத்தை அன்பென்று கொள்ளும்.

இதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. முயலை மல்லாக்கக் கிடத்தினால் அது உறங்கினாற்போலக் கிடக்கும். இதனை நெடுங்காலம் ஒருவித வசியமென்றும், முயல் அதிலே இன்புறுகின்றதென்றும் பலர் நம்பினர். 2006ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆராய்ச்சியொன்று, அந்நிலையிலே முயலின் உடலும் நடத்தையும் அச்சத்தின் குறிகளையே காட்டுகின்றன என்று கண்டது. பற்றிய விலங்கின் வாயினின்று தப்புதற்குக் கடைசி உபாயமாகப் பிணம்போற் கிடத்தல் என்று அதனைக் கொள்ளுதல் பொருந்தும். அவ்வாறு கிடக்கும் முயலைத் திரையிலே காட்டி நகைக்கச் செய்வோர், நடுக்கத்தை நாடகமாக்குகின்றனர். அறிந்து செய்தாலும் அறியாது செய்தாலும் முயலுக்கு வேறுபாடில்லை.

இனி, காட்டப்படாதவை எவை எனின், கூறுவாம். முயலின் முன்பல் வாழ்நாள் முழுதும் வளர்வது. கிழமைக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் வளரும். புல்லையும் உலர்ந்த புல்லையும் நாள் முழுதும் அரைத்தாலன்றிப் பற்கள் ஒழுங்காகத் தேயா. ஆயினும் 1940ஆம் ஆண்டிலே தோன்றிய பக்ஸ் பனி என்னுஞ் சித்திரமுயல் கரட் கிழங்கைக் கடித்துக்கொண்டே பேசினமையாலும், அதன் பின்வந்த பலவும் அவ்வழியே சென்றமையாலும், கரட்டே முயலின் உணவென்று பிள்ளைகள் கொண்டனர். உண்மையில் அது இனிப்பு மிக்கதாதலின் சிறிதளவே கொடுக்கத்தக்கது. முயல் தன் குடலினின்று வரும் ஒருவகை மெல்லிய குளிகையை மீண்டும் உண்டாலன்றி நலம்பெறாது. இதனை அருவருப்பென்று திரையினர் மறைப்பர். நற்பாதுகாப்பிலே 8 முதல் 12 ஆண்டுவரை வாழவல்லது என்பதும், தனிமையிலே வாடுவது என்பதும், தவறாகத் தூக்கினால் வலிய பின்னங்கால்களை உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் என்பதும் ஐந்து நிமிடக் காட்சியிலே இடம்பெறுதல் அரிது. அந்நாட்டு முயல்நலச் சங்கத்தார், இரண்டு முயல்களுக்கு 3 மீற்றர் நீளமும் 2 மீற்றர் அகலமும் 1 மீற்றர் உயரமும் கொண்ட இடம் எந்நேரமும் வேண்டும் என்கின்றனர். மேசையொன்றின்மேல் முயலைக் கண்ட குழந்தையோ, மேசையளவு கூடே போதும் என்று எண்ணும்.

அழகென்று காட்டப்படும் வடிவத்திலும் ஐயம் உண்டு. இலண்டன் அரச மிருகவைத்தியக் கல்லூரியைச் சார்ந்தோர், காப்பகமொன்றிலிருந்த 30 முயல்களை, தொங்குசெவியன பாதியும் நிமிர்செவியன பாதியுமாகச் சோதித்து, தொங்குசெவி முயல்களுக்குச் செவித்துளை ஒடுக்கமும் செவிநோவும் பற்கோளாறும் மிகுதி என்று 2019ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். பின்னர் அக்கல்லூரியார் மிகப் பெருந்தொகையான முயல்களின் வைத்தியக் குறிப்புக்களை ஆராய்ந்தபோது, பற்கோளாற்றைப் பொறுத்தவரை அவ்வேறுபாடு காணப்படவில்லை. ஆதலின் தொங்குசெவி யாவும் நோய் என்று துணிந்து கூறுதல் நேர்மையன்று. ஆயினும், குழந்தை எதனைக் கண்டு அழகு என்கின்றதோ அது அவ்வுயிருக்கு நன்றோ என்று ஒருவராவது வினாவியிருத்தல் வேண்டும். திரையிலே அவ்வினா எழுவதில்லை.

அற்றேல், உயிரைக் காணாத குழந்தைக்கு உயிர்மேல் அன்பு எவ்வாறு பிறக்கும்? காட்டுதலே அன்புக்கு வாயிலன்றோ? என்பார் உளர். இது தள்ளத்தக்க நியாயமன்று. 1958ஆம் ஆண்டிலே பி.பி.சி. தாபனத்தார் தொடங்கிய புளூ பீற்றர் என்னும் நிகழ்ச்சியிலே நாய், பூனை, ஆமை முதலியன வளர்க்கப்பட்டமைக்குக் காரணம், வீட்டிலே பிராணி வளர்க்க இயலாத பிள்ளைகளும் அவற்றின் பராமரிப்பை அறிதல் வேண்டும் என்பதே. நோக்கம் நன்று. ஆனால் அதன் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1962ஆம் ஆண்டிலே திரையிலே தோன்றிய முதல் நாய்க்குட்டி இரண்டு நாளிலே நோயால் இறந்தது. குழந்தைகள் வருந்துவர் என்று அஞ்சி, நடத்தினோர் அதனைப்போன்ற வேறொரு குட்டியைத் தேடி அவ்விடத்திலே வைத்தனர். பெற்றா என்று பெயர்பெற்ற அந்நாய் 1977ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது. கண்ட குழந்தைகள் மாற்றத்தை அறியவில்லை. உண்மை நெடுங்காலத்தின் பின்னரே வெளிவந்தது. செய்தோர் கொடியவரல்லர், இரக்கத்தினாலேயே செய்தனர். ஆயினும் அங்கே குழந்தைகள் கற்றது யாது? குட்டிகள் இறவா, நோய்ப்படா, எப்பொழுதும் வாலாட்டும் என்பதே. இரக்கத்தினாற் சொல்லாது விட்ட உண்மையும் கேட்டினை விளைக்கும். அன்பு பிறத்தற்குக் காட்சி வேண்டும். அன்பு நிலைத்தற்கு அறிவு வேண்டும். அறிவில்லாத அன்பே, ஈஸ்டர்க் காலத்திலே முயலை வாங்கி, சில மாதத்திலே சலித்து, தோட்டத்து மூலையிலே தனிக்கூட்டில் மறந்துவிடுவது.

இன்னுஞ் சிலர், கண்காட்சிக்கு முயல் வளர்ப்போர் தம் முயல்களைப் பொன்போற் பேணுவர். அவரைக் குறை கூறுதல் தகாது என்பர். மெய்யே. மயிரின் செழிப்பும் உடலின் நலமும் தீர்ப்பிலே கணிக்கப்படுதலின், நோயுற்ற முயலை நிறுத்துவோர் தோற்பர். கைப்பழக்கமுள்ள முயல் புதிய கைக்குக் குறைவாகவே அஞ்சும். வளர்ப்போரின் நெடிய உழைப்பை அறியாத வீட்டாரைவிட அவர் சிறந்தோராதல் கூடும். ஆனால் இந்நியாயமே எம் கருத்தை வலியுறுத்துகின்றது. பல மாதம் பழக்கப்பட்ட முயலை மாத்திரம் காட்டி, அப்பழக்கத்தைக் காட்டாது விட்டால், கடையிலே வாங்கிய முயலும் அவ்வாறே கைக்கடங்கும் என்று குழந்தை எதிர்பார்க்கும்; அது கீறினாற் கெட்ட முயல் என்னும்.

சட்டம் இதனைக் காவாதோ எனின், ஒருபாதி காக்கும். காட்சிக்கு நிறுத்தப்படும் விலங்குகளைப் பற்றி அத்தேசத்திலே 1925ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். இங்கிலாந்திலே 2018ஆம் ஆண்டு முதல் புதிய அநுமதிப்பத்திர முறை அதனிடத்தைப் பெற்றது. 2006ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், தக்க இருப்பிடம், தக்க உணவு, இயல்பான நடத்தைக்கு இடம், துணையோடு அல்லது துணையின்றி வைக்கப்படும் தேவை, நோவினின்றும் நோயினின்றும் காப்பு என்னும் ஐந்தனையும் வளர்ப்போர்மேற் கடமையாக்கியது. இவை யாவும் கூடத்திலே வீற்றிருக்கும் அந்த ஒரு முயலைக் காக்கும். அதனைக் கண்டு வாங்கப்படும் முயல்களை யார் காப்பார்? திரையிலே நின்ற முயல் மாலையிலே தன் வீட்டுக்குச் செல்லும். அதன் உருவம் எண்ணில்லாத வீடுகளுக்குட் செல்லும். முயலுக்குச் செய்யும் தீங்கைத் தடுக்கச் சட்டம் உண்டு. உருவம் செய்யும் தீங்கைத் தடுக்க அறமே உண்டு.

எனவே முதற்கேட்ட வினாவுக்கு விடை இது: உள்ளபடி காட்டியும் பொய் கூறுதல் கூடும். காண்போன் எவ்வாறு பொருள்கொள்வான் என்று அறிந்தும், அல்லது அறியக்கூடியவராயிருந்தும், அப்பிழையைத் திருத்தாது விடுதல் பொய்யின் பாற்படும். சிறுவர் பிறழ உணர்தல் எளிதாதலின், அவர்க்குக் காட்டுவோரின் பொறுப்புப் பெரிது. இதற்குப் பரிகாரம் முயலைத் திரையினின்று நீக்குதலன்று. தரையிலே, தன் துணையோடு, ஒளிந்துகொள்ள ஓரிடமும் விட்டு, தூரத்தேயிருந்து காட்டுக. மகிழ்ந்த முயல் வானிலே துள்ளி உடலை முறுக்கும் அழகைப் பொறுமையோடு காத்திருந்து காட்டுக. 1970ஆம் ஆண்டுகளிலே சுவீடன் தேசத்திலே தோன்றிய முயல்களின் தடைதாண்டற் போட்டியையும் இவ்வளவுகோலாலேயே அளக்கலாம்: தாண்ட விரும்பாத முயல் விலகிச்செல்ல இடமுண்டோ? உண்டாயின் விளையாட்டு, இன்றேல் வருத்துதல்.

ஆசிரியர்களே, காட்சிகளை நிறுத்தும் அதிகாரம் நம்மிடம் இல்லை. கண்ட பிள்ளையை வினாவும் அதிகாரம் உண்டு. முயலையோ வேறோர் உயிரையோ திரையிலே கண்டேன் என்று மகிழ்ந்து வரும் மாணாக்கனது மகிழ்ச்சியைக் கெடாது, மூன்று வினாக்களைக் கேளுங்கள். அவ்வுயிர் விரும்பினால் அங்கிருந்து விலகிச்செல்ல இடமிருந்ததோ? அதன் துணை எங்கே? ஒளி அணைந்தபின் அது என் செய்யும்? விடை அறியாவிடினும் குற்றமில்லை. அவ்வினாக்கள் அவன் மனத்திலே தங்கிவிடுமாயின், வாய்பேசாத உயிரொன்று அசையாதிருக்கக் காணும்போது, சுகமாயிருக்கின்றது என்று சொல்லுமுன் அவன் ஒருகணம் தாமதிப்பான். அவ்வொருகணத் தாமதமே இரக்கத்தின் தொடக்கம். வகுப்பிலே பின்வாங்கில் இருந்து ஒரு சொல்லும் பேசாத பிள்ளையை, அமைதியான பிள்ளை என்று எண்ணிக் கடந்துபோகும் நமக்கும் அத்தாமதம் வேண்டுவதே.