சோகைக்குத் தீ வைக்கலாமா?



சர்வேசுரன் ஏதேன் தோட்டத்தை ஆதாமிடம் ஒப்புவித்தது, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே. நாமோ மோகனூர்ப் பக்கம் கரும்பு வெட்டியதும் சோகைக்குத் தீ வைக்கிறோம். பயிர் மாதக்கணக்கில் ஆகாயத்திலிருந்து கிரகித்த கரியமில வாயு, ஒரே நாழிகையில் புகையாய்த் திரும்பிப்போய் உலகின் சூட்டைக் கூட்டுகிறது.

அதே சோகையைக் கட்டைக் கரும்பின் பார்களுக்கிடையே பரப்பி மட்கவிட்டால், அதில் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும். நிலத்தின் ஈரமும் சீக்கிரம் காயாது. வரப்பில் வேம்பும் புங்கனும் வைத்தால், அவையும் அவ்வாயுவை வாங்கி மரமாக்கும்.

ஆள்கூலி ஆகுமே என்பீர்கள், மெய்தான். ஆனால் ஒரு தீக்குச்சியின் கடனை நம் பிள்ளைகளல்லவா அடைக்க வேண்டும்? பூமி நம் பொது இல்லமென்று 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் தம் நிருபத்தில் போதித்தார். இவ்வருடம் ஒரு ஏக்கரிலாவது தீயைத் தவிர்ப்பீர்களாக. சர்வேசுரன் உங்கள் நிலத்தையும் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக.