"தம்பி" என்று கூப்பிட்ட ஆட்டை அறுக்கலாமா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



துல்ஹஜ் மாதம் நெருங்குகிறது. குர்பானியின் சட்டங்களை அடுத்த ஜும்ஆவில் விரிவாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். இன்று ஒரு சின்னக் கேள்வியோடு மிம்பரில் நிற்கிறேன். அதைக் கேட்டது என் வீட்டில் உள்ள ஏழு வயதுப் பிள்ளை.

சென்ற பக்ரீதுக்கு எட்டு மாதம் முன்பாகவே ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி வீட்டில் கட்டியிருந்தோம். அகத்திக்கீரை, வேப்பங்குழை, சோறு வடித்த கஞ்சி என்று எல்லாம் கொடுத்து வளர்த்தது என் மகள்தான். அதற்கு அவள் வைத்த பெயர் 'தம்பி'. "தம்பி சாப்பிட்டானா?", "தம்பிக்குக் குளிருது, சாக்கு போடுங்க" என்பாள். என் தாயார் "வாடா என் ராசா" என்று அதைத் தடவிக் கொடுப்பார். அது என் லுங்கி முனையைக் கடித்து இழுக்கும்போது நானும் "போடா மவனே" என்றிருக்கிறேன்.

பெருநாளுக்கு முந்தைய இரவு அவள் என்னிடம் கேட்டாள்: "அத்தா, தம்பின்னு நாம கூப்பிட்டது பொய்யா? பொய் இல்லேன்னா, நாளைக்கு எப்படி அறுப்பீங்க?"

மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதியவன் நான். அந்த நேரம் வாயில் ஒரு பதிலும் வரவில்லை. "தூங்கும்மா" என்று மட்டும் சொன்னேன். அன்று சொல்லாமல் விட்ட பதில் என் மேல் கடனாகவே இருந்தது. நம் எல்லோர் வீட்டிலும் பூனையை 'பிள்ளை' என்கிறோம், பசுவை 'அம்மா' என்கிறோம், வண்டியை 'என் மூத்த மகன்' என்கிறோம். ஆகவே இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல.

அன்பானவர்களே! முதலில், இந்த வார்த்தை பொய்யா என்று பார்ப்போம்.

ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளில் சொல்வதை அரபியில் ஹகீகத் என்பார்கள். வேறொன்றைக் குறிப்பாக வைத்துச் சொல்வதை மஜாஸ் என்பார்கள். வீரனைச் 'சிங்கம்' என்றால் யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. கேட்பவருக்கும் பொருள் தெரியும், சொல்பவருக்கும் ஏமாற்றும் எண்ணம் இல்லை.

நமக்கு மிக அதிகமான ஹதீஸ்களை அறிவித்துத் தந்த ஸஹாபி யார்? அபூஹுரைரா (ரலி) அவர்கள். அந்தப் பெயரின் பொருள் என்ன? 'பூனைக்குட்டியின் தந்தை'. வீட்டாரின் ஆடுகளை மேய்க்கும் காலத்தில் அவர்களிடம் ஒரு சின்னப் பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் வைத்துவிடுவார்கள். பகலில் கூடவே எடுத்துச் சென்று விளையாடுவார்கள். அதனால் மக்கள் தமக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள் என்று அவர்களே சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒவ்வொரு மத்ரஸாவிலும், ஒவ்வொரு மிம்பரிலும் 'பூனைக்குட்டியின் தந்தை அறிவிக்கிறார்கள்' என்றுதான் நாம் ஓதி வருகிறோம். இதைப் பொய் என்று சொன்ன இமாம் ஒருவரும் இல்லை.

பள்ளிவாசலில் மண் ஒட்டிப் படுத்திருந்த அலீ (ரலி) அவர்களை நம் நபியவர்கள் 'அபூ துராப்', அதாவது 'மண்ணின் தந்தை' என்று அழைத்து எழுப்பினார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு அதைவிடப் பிடித்த பெயர் வேறு இருக்கவில்லை. உஹத் மலையைப் பற்றி, அது நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள். ஒரு கல்மலையோடு நேசம்!

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. பூனை வாய் வைத்த தண்ணீரைப் பற்றிய ஹதீஸில், பூனை அசுத்தமல்ல, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவர்களில் ஒன்று என்று நபியவர்கள் கூறினார்கள். அங்கே அவர்கள் பயன்படுத்திய சொல் 'தவ்வாஃபீன்'. அரபு இலக்கணம் ஓதியவர்களுக்குத் தெரியும், இந்தப் பன்மை அறிவுள்ளவர்களுக்கு, அதாவது மனிதர்களுக்கு உரியது. தமிழில் சொன்னால், 'சுற்றி வருபவை' என்று சொல்லாமல் 'சுற்றி வருபவர்கள்' என்று சொன்னதுபோல. இதே சொல்லை அல்லாஹ் சூரத்துந் நூரில் வீட்டுப் பணியாளர்களையும் சிறு பிள்ளைகளையும் பற்றிச் சொல்லும் இடத்தில் பயன்படுத்துகிறான். பூனையை அஃறிணையிலிருந்து எடுத்து வீட்டு ஆட்களின் வரிசையில் உட்கார வைத்தது நபியவர்களின் திருவாய்.

அப்படியானால் எந்த உறவுச் சொல்லையும் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாமா? இல்லை, அன்பர்களே. குர்ஆன் இரண்டு இடங்களில் உறவுச் சொல்லைக் கடுமையாகத் தடுத்து நிறுத்துகிறது.

ஒன்று ளிஹார். ஜாஹிலிய்யாக் காலத்தில் மனைவியைப் பார்த்து, நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று சொல்லிவிடுவார்கள். அதன்பின் அவள் மனைவியாகவும் வாழ முடியாது, விடுபட்டும் போக முடியாது. கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள் இந்த அநீதியை நபியவர்களிடம் வந்து முறையிட்டார்கள். அல்லாஹ் சூரத்துல் முஜாதலாவை இறக்கினான். பெற்றவள்தான் தாய், மற்றது வெறுக்கத்தக்க பொய்ச்சொல் என்றான். அந்தச் சொல்லுக்குப் பரிகாரமாக ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், இயலாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும், அதற்கும் இயலாதவர் 60 ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும் என்று விதித்தான்.

இரண்டாவது, ஸைத் (ரலி) அவர்களின் விஷயம். நபியவர்களின் வளர்ப்பு மகனாக 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைக்கப்பட்டவர்கள், சூரத்துல் அஹ்ஸாபின் வசனம் இறங்கியபின் 'ஹாரிஸாவின் மகன் ஸைத்' ஆனார்கள். அதற்குப் பிறகு நபியவர்களின் நேசம் கடுகளவும் குறையவில்லை. குறைந்தது பெயரில் இருந்த பிழை மட்டுமே.

இந்த இரண்டையும் பூனைக்குட்டியின் தந்தையோடு சேர்த்துப் பாருங்கள். ஓர் அளவுகோல் கிடைக்கும். ளிஹாரில் அந்தச் சொல் ஒரு பெண்ணின் உரிமையை அறுத்தது. வளர்ப்பு மகன் விஷயத்தில் அது வம்சத்தையும் வாரிசுரிமையையும் மாற்றியது. 'அபூஹுரைரா' என்ற சொல்லோ யாருடைய ஹக்கையும் தொடவில்லை. ஆகவே ஒரு சொல் அன்பாக நிற்கும் வரை அது அன்புதான். அது இன்னொருவரின் ஹக்கில் கை வைக்கும்போதுதான் பாவமாகிறது.

சகோதரர்களே! இங்கேதான் நாம் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'என் புள்ள' என்று சொல்லும் வண்டியைத் தினமும் காலையில் துடைக்கிறோம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனாரின் கண்ணாடி ஒரு மாதமாக உடைந்து கிடக்கிறது. 'என் உயிர்' என்று சொல்லும் செல்போன் கீழே விழுந்தால் பதறுகிறோம். பிள்ளை கீழே விழுந்தால், "பாத்து நடக்க மாட்டியா?" என்று அடிக்கிறோம். பெண் பிள்ளையைத் 'தங்கமே' என்று தூக்கிக் கொஞ்சுகிறோம். அதே பிள்ளையை இன்னொருவர் வீட்டுக்கு மருமகளாகக் கேட்கப் போகும்போது, தங்கம் எத்தனை பவுன் என்கிறார்கள். மனிதருக்குப் பொருளின் பெயரும் பொருளுக்கு மனிதரின் பெயரும் வைத்தது தவறல்ல. பெயரோடு சேர்த்து இடத்தையும் மாற்றினோமே, அதுதான் தவறு.

நபியவர்களும் தம் பொருட்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவர்களின் வாளுக்கு துல்ஃபகார் என்று பெயர், கோவேறு கழுதைக்கு துல்துல் என்று பெயர். அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவரின் ஒட்டகம் அதை முந்திவிட்டது. ஸஹாபாக்களுக்கு மனம் தாங்கவில்லை. நபியவர்களோ, உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்ற கருத்தைச் சொல்லி அவர்களை அமைதிப்படுத்தினார்கள். பெயர் வைத்து நேசித்த பொருள்தான். ஆனால் மனம் அதன் கழுத்தில் கட்டப்பட்டிருக்கவில்லை.

பொருளின் கழுத்தில் மனதைக் கட்டியவருக்கும் நபியவர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: தீனாரின் அடிமை, திர்ஹமின் அடிமை. நாம் பொருளுக்கு 'மகன்' என்று பெயர் வைக்கிறோம். அந்தப் பொருள் நமக்கு என்ன பெயர் வைத்திருக்கிறது என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிலர் செல்லமாகப் பெயர் வைத்து வளர்ப்பார்கள். அதற்கு நோய் வந்தால், வயதானால், வீடு மாறினால், சாக்கில் கட்டி எங்கோ விட்டுவிட்டு வருவார்கள். ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாக புகாரியிலும் முஸ்லிமிலும் படிக்கிறோம். அப்படிச் செய்துவிட்டு 'பிள்ளை' என்ற சொல் வாயில் இருந்து என்ன பயன்? நம்பி வந்த உயிருக்கு உறவின் பெயரைக் கொடுத்துவிட்டு அதன் ஹக்கைக் கொடுக்காதபோதுதான் அந்தப் பெயர் பொய்யாகிறது.

இப்போது என் மகளின் கேள்விக்கு வருகிறேன்.

'தம்பி' என்றது பொய் அல்ல. அது அவளுடைய இரக்கத்தின் பெயர். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூஉமைர் வளர்த்த சிட்டுக்குருவி போன்ற பறவை இறந்தபோது, நபியவர்கள் அந்தப் பிள்ளையிடம் போய் அந்தப் பறவையைப் பற்றியே விசாரித்தார்கள். 'ஒரு குருவிதானே' என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த ஸுன்னத்தின்படி நானும் அன்றிரவு என் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தூங்கச் சொன்னேன். அது என் குறை.

பொய் இல்லையென்றால் எப்படி அறுப்பது? ஒரு ஸஹாபி நபியவர்களிடம், ஆட்டை அறுக்கும்போது எனக்கு அதன்மேல் இரக்கம் வருகிறது என்றார். இரக்கப்படாதே, இது மார்க்கக் கடமை என்று நபியவர்கள் சொல்லவில்லை. ஆட்டுக்கு நீ இரங்கினால் அல்லாஹ் உனக்கு இரங்குவான் என்ற பொருளில், இரண்டு முறை சொன்னார்கள். ஆக, கத்தியும் இரக்கமும் ஒரே கையில் இருக்கலாம். இருக்கவும் வேண்டும். அதனால்தான் கத்தியை நன்கு தீட்டச் சொன்னார்கள். பிராணியின் கண்முன்னே தீட்டுவதைக் கண்டித்தார்கள்.

குர்பானியின் ஆரம்பமே ஒரு மகன்தான் அல்லவா? இப்ராஹீம் (அலை) அவர்கள் அறுக்கத் துணிந்தது பெற்ற மகனை. அல்லாஹ் மகனைத் திருப்பிக் கொடுத்து அவருடைய இடத்தில் ஒரு பிராணியைக் கொடுத்தான். மகனின் இடத்தில் வந்து நின்ற பிராணி அது. நேசிப்பதைக் கொடுக்காதவரை நன்மையை அடைய முடியாது என்பது குர்ஆனின் போதனை. மனதில் ஒரு துளியும் ஒட்டாத ஆட்டைச் சந்தையில் எடை பார்த்து வாங்கி, இறக்கும்வரை முகம் பார்க்காமல் அறுப்பவருக்கும் குர்பானி கூடிவிடும். ஆனால் இப்ராஹீம் (அலை) அவர்களின் மனதை என் வீட்டில் அதிகம் நெருங்கியவள் அந்தச் சின்னப் பிள்ளைதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவள்தான் கடைசியாகத் தண்ணீர் காட்டினாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்று அவள் கறி சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. ஏழைகளுக்கான பங்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மட்டும் என் கூட வந்தாள்.

இந்த வருடக் குட்டி வந்து சில மாதமாகிறது. முதல் நாளே, "அத்தா, இதுக்கும் பேரு வைக்கலாமா?" என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வைம்மா" என்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் நாவில் இருக்கும் அன்பை எங்கள் கைகளிலும் தருவாயாக. நாங்கள் பெயர் சொல்லி அழைக்கும் ஒவ்வொரு உயிரின் ஹக்கையும் நிறைவேற்றுபவர்களாக எங்களை ஆக்குவாயாக. பொருட்களை எங்கள் கையில் வைப்பாயாக, எங்கள் கல்பில் வைத்துவிடாதே. எங்கள் குர்பானிகளை ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.