அளவைக்குள் அடங்காத பொருள்: கிஃபர்டு உரைகளை முன்வைத்து

வேதியியலையும் வானியலையும் ஆராய்வது போலவே கடவுளையும் ஆராய இயலுமா என்னும் கேள்வியைப் பல்கலைக்கழக மேடைக்கு முறையாகக் கொண்டுவந்தவர், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நீதிபதியாக இருந்த ஆடம் கிஃபர்டு ஆவார். 1887இல் மறைந்த அவர், தம் உயிலின்வழி 80,000 பவுன் தொகையை எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்தீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் பிரித்தளித்து, ‘இயற்கை இறையியல்’ குறித்துப் பொதுமக்களும் வந்து கேட்கத்தக்க உரைகளை நடத்துமாறு பணித்தார். மறைநூலையோ அற்புத நிகழ்ச்சியையோ சான்றாகக் கொள்ளாமல், உலகைக் கண்டும் அறிவால் கருதியும் இறைவனைப் பற்றி அறியத்தக்கவற்றை மட்டும் ஆயும் துறையே இயற்கை இறையியல் எனப்படும். சைவ சித்தாந்தம் அறிவு பெறும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளாக வகுக்கும். புலன்வழி அறிவது காண்டல், கண்டதிலிருந்து காணாததை உய்த்துணர்வது கருதல், ஆகமமாகிய மெய்ம்மொழியைச் சான்றாகக் கொள்வது உரை. இவ்வழக்கில் சொல்வதானால், கிஃபர்டு உரையளவையை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, மற்ற இரண்டை மட்டும் அரங்கினுள் அனுமதித்தார். பேசுபவர் எச்சமயத்தவராயினும், சமயமே இல்லாதவராயினும் தடையில்லை என்றும், எவ்வகை உறுதிமொழியும் அவரிடம் கேட்கக்கூடாது என்றும் அவர் விதித்தது, அக்காலத்தை நோக்கப் பெருந்துணிவே.

1888இல் தொடங்கி இன்றளவும் நடைபெற்றுவரும் இவ்வுரைகளில், அறிவியலாளர் ஒருவர் தம் துறையின் எல்லையை நேர்மையாகக் காட்டிய இடம் எதுவெனின், 1927இல் எடின்பரோவில் ஆர்தர் எட்டிங்டன் ஆற்றிய உரைகளையே முதலில் சுட்ட வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது விண்மீனொளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடித் தந்தவர்களுள் ஒருவர் அவர். அவ்வுரைகளிலிருந்து உருவாகி 1928இல் வெளிவந்த நூலில் அவர் இரண்டு மேசைகளைக் காட்டுகிறார். ஒன்று, கையை ஊன்றினால் தாங்குவதும் நிறமும் திண்மையும் உடையதுமான மேசை. மற்றொன்று, பெரும்பகுதி வெற்றிடமாகவும் அதனூடே மின்துகள்கள் விரைந்தோடுவதாகவும் இயற்பியல் சொல்லும் மேசை. எழுதும் தாள் இரண்டின்மீதும் ஒன்றுபோலவே நிற்கிறது. அந்நூலின் பிற்பகுதியில் யானையொன்று புல் மூடிய மலைச்சரிவில் சறுக்கி இறங்குவதாக ஒரு தேர்வுக் கணக்கு வருகிறது. கணக்கைச் செய்யப் புகும் மாணவனிடம் யானை இரண்டு டன் என்னும் எடையாகவும், சரிவு 60 பாகை என்னும் கோணமாகவும், புல்தரை உராய்வெண்ணாகவும் மாறிவிடுகின்றன. இறுதியில் விடையாகக் கிடைப்பதும் ஓர் எண்ணே. எடைப்பொறியின் முள் எங்கே நின்றது என்பதை அறிவியல் பிழையின்றிச் சொல்லும்; முள்ளை அசைத்த பொருள் தன்னளவில் யாது என்று அது சொல்வதில்லை. இதைக் குறையாகக் கூறாமல் இலக்கணமாகக் கூறியதே எட்டிங்டனின் சிறப்பு.

கருவிகளின் துணையால் பெறும் அறிவைச் சித்தாந்தம் பாசஞானம் என்று பெயரிட்டு, உலகப் பொருள்களை அறிய அது வேண்டுவதே எனினும் பதியாகிய இறைவனை அதனால் அறிய இயலாது என்று வரையறுக்கும். எட்டிங்டன் சித்தாந்தம் பேசினார் என்பது இதன் பொருளன்று. அவர் கணிதத்தின் வழியே வந்து சேர்ந்த எல்லைக்கோடு, சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டாரின் மரபினர் அகநோக்கின் வழியே கண்ட எல்லைக்கோட்டுக்கு அண்மையில் கிடக்கிறது என்பதே கருதத்தக்கது. அப்படியாயின், கடவுளை வேதியியல் போல ஆராயலாம் என்னும் கிஃபர்டின் விருப்பம் எங்கே தடைப்படுகிறது என்பதும் புலனாகிறது.

அத்தடையை இன்னொரு கூட்டம் தெளிவாக்கும். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் நடந்த அரச வானியற் கழகக் கூட்டத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று இங்கிலாந்து சென்ற இளைஞரான சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறுமீன் என்னும் ஒடுங்கிய விண்மீனின் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்று தாம் கணித்ததை எடுத்துரைத்தார். அவரை அடுத்துப் பேசிய எட்டிங்டன் அம்முடிவை அவையோர் நகைக்கும்படி மறுத்தார். அன்று பெரியவரின் சொல்லே வென்றது. ஆயினும் விண்மீன்கள் அச்சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. சூரிய நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்னும் அவ்வரம்பு நிலைபெற, 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆராய்ச்சிக் கூட்டம் ஒன்றின் உயிர்நிலை இதுதான்: அவையின் தீர்ப்புக்கு மேல் முறையிட, அவைக்கு வெளியே ஒரு பொருள் காத்திருக்கிறது. கிஃபர்டு அரங்கில் இறைவன் உண்டென்பாரும் இல்லையென்பாரும் பேசி முடித்தபின், அவர்களுள் எவரது கணக்கையும் திருத்தித் தர அத்தகைய விண்மீன் எதுவும் இல்லை.

1937இல் அபர்தீனில் உரையாற்றிய கார்ல் பார்த் என்னும் சுவிட்சர்லாந்து இறையியலாளர், இறைவன் தன்னைத் தானே வெளிப்படுத்தினாலன்றி மனிதன் அவனை அறிய வழியில்லை என்னும் கொள்கையுடையவராதலின், இயற்கை இறையியலைத் தாம் ஏற்கவில்லை என்று அறிவித்தே தம் உரைகளைத் தொடங்கினார். வாயிலில் நிறுத்தப்பட்ட உரையளவை இவ்வாறு மேடைவழியாகவே உள்ளே வந்தது. தன் அடிப்படையையே மறுப்பவருக்கும் மேடை தந்த அந்த அறக்கட்டளையின் பெருந்தன்மை, அது தேடிய எந்த நிறுவலினும் உயர்ந்தது.

எட்டிங்டனும் ஆழ்ந்த சமயப்பற்று உடையவரே. எனினும் புதிய இயற்பியலைக் கொண்டு இறைவனை நிறுவ முற்பட்டதில்லை என்பதோடு, அவ்வாறு நிறுவ முயல்வதை ஏற்கவுமில்லை. அவர் பிறந்து வாழ்ந்த குவேக்கர் சமயத்தவரின் மரபு வழிபாட்டில் குருவும் இல்லை, முன்கூட்டி எழுதிய உரையும் இல்லை. அனைவரும் ஓரிடத்தில் கூடி மௌனமாக அமர்ந்திருப்பர். உள்ளுணர்வு தூண்டப்பெற்றவர் மட்டும் எழுந்து சில சொற்கள் கூறி மீண்டும் அமர்வார். எவரும் எழாமலே கூட்டம் முடிவதும் உண்டு.