கனவுத் தேரும் மெய்நிகர் உலகும்

ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்து, சற்று நேரத்தில் மறையும் பொருளை மெய் என்று கொள்ளலாமா? மெய்நிகர் தொழில்நுட்பம் இன்று எழுப்பும் இந்தக் கேள்வியை வேதாந்திகள் கனவை வைத்து விவாதித்தார்கள். உறங்குபவனின் கனவில் தேரும் குதிரையும் பாதையும் படைக்கப்படுவதாகப் பிருகதாரண்யக உபநிடதம் கூறுகிறது. அந்தத் தேர் வெறும் மாயை என்பது பிரம்ம சூத்திர உரையில் சங்கரர் கொண்ட முடிவு. இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இதை மறுத்தார். கனவுப் பொருளும் மெய்யே. ஒருவர் மட்டும் அந்த நேரத்துக்கு மட்டும் நுகர்வதற்காக, அவரது வினைக்கேற்ப இறைவன் படைத்தது அது. பிறர் அதைக் காணவில்லை என்பதாலோ, விழித்ததும் மறைகிறது என்பதாலோ அது பொய்யாகிவிடாது.

தலையில் மாட்டும் கருவிக்குள் விரியும் உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விவரிப்பு கிடைப்பது அரிது. மெய்நிகர் பொருள்கள் மாயத்தோற்றங்கள் அல்ல, கணினித் தரவாலான மெய்ப்பொருள்களே என்று ‘ரியாலிட்டி பிளஸ்’ (2022) நூலில் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் வாதிடுவதும் ஏறத்தாழ இதே திசையில்தான். நடைமுறையும் அவர் பக்கம் சாய்கிறது. உயரத்துக்கு அஞ்சுபவரை மெய்நிகர் மாடியில் நிறுத்திப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையில் மாடி செயற்கை. அச்சமும் அது தணிவதும் அப்படியல்ல. கண் நகர்வைக் காண, உட்செவி அசைவை உணராதபோது வரும் குமட்டலும் மெய்தான்.

ஒப்புமை முறிவது படைப்பவரிடத்தில். இராமானுஜரின் இறைவனுக்குக் கனவு காண்பவனிடமிருந்து பெறவேண்டியது ஒன்றுமில்லை. கருவி செய்யும் நிறுவனத்துக்கு உண்டு. விழி அசைவை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. பார்வை எதில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது விருப்பத்தையே காட்டிக்கொடுக்கலாம். மெய்நிகர் உலகம் மெய்யா என்பதைவிட, அது யாருடைய பயனுக்காகப் படைக்கப்படுகிறது என்பதே கனமான கேள்வி.

கண்முன் உள்ள காட்சியோடு கணினி உருவங்களைக் கலந்து காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி இன்னும் சிக்கலானது. 1968இல் ஐவன் சதர்லேண்ட் அமைத்த தலைக்கருவியிலேயே கோட்டுருவங்கள் அறையின் காட்சியோடு கலந்து தெரிந்தன. கனவுக்கு விழிப்பு என்ற எல்லை உண்டு. இங்கோ கணினி உருவமும் கண்முன் உள்ள உலகமும் ஒரே பார்வையில் கலக்கின்றன. சிதைந்த கோயிலை முழு வடிவில் காட்டுவது அரிய வசதி. ஆனால் மிஞ்சியிருக்கும் கல்லும் வரைந்தவரின் ஊகமும் ஒரே உறுதியோடு தெரியும். பண்பாட்டுச் சின்னங்களின் கணினிக் காட்சிகளுக்கான லண்டன் சாசனம் (2009) இதற்கு ஒரு நெறி வகுத்திருக்கிறது: காட்டப்படுவது இன்றைய நிலையா, சான்றின்படியான மீட்டுருவாக்கமா, வெறும் ஊகமா என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.