எவரும் எண்ணாத உயிர்

அண்மையில் சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் ஒருவரின் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சைக் காட்டி, "முன்பெல்லாம் இதற்கு மூங்கில் சிம்புதான், சாமி, இப்போது எஃகு" என்றார் பெரியவர். மூங்கில் என்றதும், அதனுள் குடும்பம் நடத்தும் சிற்றுயிர் ஒன்றைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது, அவரிடம் சொன்னோம்.

அது வெண்புள்ளிப் புதர்த்தவளை. 1876-இல் ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலார் அதனை விவரித்து எழுதினார். பின்னர் நூறாண்டுகளுக்கும் மேலாக அது எவர் கண்ணிலும் படவில்லை. பேராசிரியர் எஸ்.டி. பிஜு தலைமையில் காணாமற்போன தவளைகளைத் தேடியவர்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் அது உயிர்வாழ்வதை 2011-இல் அறிவித்தனர். களக்காடு முண்டந்துறைக் காட்டில் அதன் வாழ்க்கைமுறையும் பின்னர்த் தெரியவந்தது. மெல்லிய மூங்கிலின் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில், சிறு துளை வழியே ஆண் தவளை நுழைகிறது. அங்கே இடப்படும் முட்டைகளை அதுவே காக்கிறது. தலைப்பிரட்டைப் பருவமின்றி நேரே குட்டித் தவளைகள் வெளிவருகின்றன. மூங்கிலை அளவின்றி வெட்டினால் அத்தொட்டிலும் வெட்டப்படும்.

கேட்டிருந்த பெரியவர் சொன்னார்: "தறி நின்றுபோன வீடுகள் இந்தத் தெருவிலேயே இருக்கின்றன, சாமி. எங்களை எண்ணுவாரில்லை, தவளையை எண்ணப் போனார்களா?"

அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு முகங்கொடுக்காமல் படைப்பின் அழகைப் போற்றுவது எளிது. ஆனால் தறியும் தவளையும் தராசின் எதிரெதிர்த் தட்டுகளா? விசைத்தறி மலிவாகத் தரும்போது கைத்தறி எதற்கு என்பவரும், காகிதக் கூழுக்கு மூங்கில் வேண்டும்போது தவளை எதற்கு என்பவரும் ஏந்துவது ஒரே தராசைத்தான். 'எனக்கு என்ன பயன்?' என்பதே அதன் எடைக்கல்.

மனிதன் தோன்றுமுன்னரே இறைவன் தம் படைப்பை நல்லதெனக் கண்டார் என்கிறது தொடக்கநூல். எவரும் காணாத அந்த நூறாண்டுகளிலும் மலைமழையில் அத்தவளை தன் முட்டைகளைக் காத்தே வந்தது. நம் பார்வை அதற்கு மதிப்பைத் தரவில்லை. நம் மறதி அதைக் குறைக்கவுமில்லை. சந்தையில் மலிவாக விற்கப்படும் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொன்னது, அஞ்சி நின்ற எளியோரைத் தேற்றுவதற்காக அன்றோ? குருவியை மறக்கும் கடவுள் நெசவாளரை நினைப்பார் என நம்ப நமக்கு ஆதாரம் ஏது?

விடைபெறுமுன், தறி நின்றுபோன வீடுகள் எவையெனப் பெரியவரிடம் கேட்டறிந்தோம். கண்ணில் படாததைத் தேடும் கடமை மலையில் மட்டும் இல்லையே!