யாருடைய மாடு?

கல்முனைக்குடிக்கு மேற்கேயுள்ள வயல் வட்டைகளில் முஸ்லிம் விவசாயியும் தமிழ் விவசாயியும் ஒரே வாய்க்கால் நீரில்தான் இறங்குகிறார்கள். எருமையும் எலியும் அதே நீரில்தான் சிறுநீர் கழிக்கின்றன. காலில் சிறு வெடிப்பிருந்தால் போதும், எலிக்காய்ச்சல் கிருமி உட்புகுந்துவிடும். பெயர்தான் எலிக்காய்ச்சல்; மாடு, நாய், பன்றி ஆகியவையும் அதைச் சுமக்கும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோரை இந்நோய் பீடித்ததாகக் கணக்கிடப்பட்டது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று மக்கள் அஞ்சியதும் இதுவே.

அன்பான வாசகரே, இக்கிருமியின் மரபணுவிலுள்ள ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகளையும் இன்று வரிசையாக வாசிக்க முடிகிறது. இறந்தவரின் கிருமியும் ஒருவரது பட்டி மாட்டின் கிருமியும் ஒன்றாகவே இருந்தால், ‘இன்னாருடைய மாடுதான் கொன்றது’ என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. இரண்டும் ஒரே குடும்பத்தவை என்பதே அதன் பொருள். சோதிக்கப்படாத பக்கத்துப் பட்டியிலிருந்து இரண்டுக்கும் வந்திருக்கலாமன்றோ? அந்த மாட்டிலிருந்தே வந்தது என்று வைத்தாலும், கிருமி சுமக்கும் மாடு பெரும்பாலும் நோயுற்றதாகத் தோன்றாது. அறியாதவன் காரணமாகலாம், குற்றவாளியாக மாட்டான். ஆனால் அறிந்த நாளிலிருந்து அவன் நிலை வேறு. அதன் பின்னும் மாட்டை வாய்க்காலில் விட்டால் அயலவனின் உயிருக்கு அவனே பொறுப்பு. ஆகவே செய்தி அவனுக்கும், கால்நடை வைத்தியருக்கும், அந்த நீரில் இறங்குவோருக்கும் போகவேண்டும். சந்தைக்கு அவன் பெயர் போகவேண்டியதில்லை. இரு சமூகங்கள் அருகருகே வாழும் ஊரில் ‘அவர்களுடைய மாடு’ என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம்.

இதே ஆய்வு பழியைத் துடைக்கவும் வல்லது. 2011இல் ஜெர்மனியில் ஒரு வயிற்றுக் கிருமி ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, ஸ்பெயின் வெள்ளரிக்காயே காரணம் என அதிகாரிகள் அறிவித்தனர். விற்பனை படுத்தது, உழவர்கள் விளைச்சலைக் குப்பையில் கொட்டினர். கிருமியின் வகையை நுணுகி ஆராய்ந்தபோதோ வெள்ளரியில் இருந்தது வேறொன்று! கடைசியில் பிடிபட்டது முளைகட்டிய வெந்தயம்.

ஒரு சிக்கல் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமி ஆய்வுகூடத்தில் வளரவே வாரக்கணக்காகும், சிலவேளை மாதங்களும். வதந்திக்கோ ஒரு மாலைப்பொழுது போதும். அந்த இடைவெளியில் யாருடைய மாடு என்று கேட்பதைவிட, வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை கேட்பது பயன் தரும். அதற்கு எந்த மரபணுவையும் வாசிக்கத் தேவையில்லை.