ராகுவும் பூமியின் நிழலும்

பிரம்மகுப்தர் தம் முப்பதாம் வயதில், கி.பி. 628இல், இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தம் என்னும் வானியல் நூலில், கிரகணத்துக்கு ராகு காரணமன்று என்ற ஆரியபடர் முதலியோரை, வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும், அதாவது மரபுவழி அறநூல்களுக்கும், புறம்பானவர்கள் எனக் கண்டிக்கிறார். ஆயினும் சந்திர கிரகணத்தைக் கணிக்கையில் பூமியின் நிழலையும் சந்திர பிம்பத்தையும் அளந்தே விடை காண்கிறார், ராகுவுக்கு அக்கணக்கில் வேலையே இல்லை. பிரமனின் வரத்தால் ராகு அந்நிழலுக்குள் புகுகிறான் என்பது அவர் கண்ட சமரசம்.

பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி இச்சமரசத்தைக் கடிந்து, அதற்கு அச்சமே காரணமாகலாம் என ஐயுற்றார். சற்றே கடுமையான தீர்ப்புதான். பிரமாணம், அதாவது அறிவுக்கான சான்றுவழி, பலவகைப்படும் என்று கொண்ட மரபில், கிரகண நீராட்டின் புண்ணியம் ஸ்மிருதியின் சொல்லாலும், நிழலின் அளவு காட்சியாலும் அனுமானத்தாலும் அறியப்படுவன. அவ்விரண்டையும் ஒரே நிகழ்வின்மேல் பொருத்த முற்பட்டதில்தான் பிரம்மகுப்தரின் இடர்ப்பாடு தொடங்குகிறது.